வெயில் கெடுப்பதை மழை காட்டிக்கொடுக்கும்: முதல் கார் வாங்கியவர்களுக்கு ஓர் ஆண்டுப் பராமரிப்பு வழிகாட்டி

சர்வீஸ் புத்தகத்தில் ‘10,000 கி.மீ. அல்லது ஓராண்டு’ என்று போட்டிருக்கும். ஷோரூமிலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் காரைக் கெடுப்பது பங்குனியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் கடந்தும் நீளும் வெப்பம். வைப்பர் ரப்பர் விறைக்கும், பேட்டரித் தட்டுகள் அரிக்கும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஓடும் ஹோஸ் வெடிப்பு விடும், டயரின் பக்கச் சுவர் காயும். இதில் எதுவும் அப்போது தெரியாது. ஐப்பசியில் அடைமழை இறங்கும்போது எல்லாம் சேர்ந்து வெளிவரும்: வைப்பர் கோடு போடும், செல்ஃப் எடுக்காது, பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும்.

அதனால் கிலோமீட்டர் கணக்கோடு நாள்காட்டிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசிக் கடைசியில், வெயிலுக்கு முன் ஒரு சோதனை. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னொன்று. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, வால்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அவர்கள் இரண்டாவதை மே மாதத்திலேயே முடிக்க வேண்டும். இங்கே எழுதியிருப்பது மேனுவல் கியர் உள்ள பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்து. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு டயர், பிரேக், வைப்பர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

தொடங்குமுன் வண்டிக் கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள். நான்கு விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொண்டால் போதும்: இன்ஜின் ஆயில் எந்த கிரேடு (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போல), கூலண்ட் எந்த வகை, ஃபியூஸ் பெட்டி எங்கே, இழுத்துச் செல்லும் கொக்கியை எங்கே மாட்டுவது. ஐந்தாவது விஷயம் கையேட்டைத் திறக்காமலே கிடைக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூண் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று என்பது அதில் இருக்கிறது.

டயர்

காற்றுக் கணக்கை அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் எடுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதை வைத்துப் பிடிக்கக் கூடாது. சிறிய ஹேட்ச்பேக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பிஎஸ்ஐ வரை வரும். ஐந்து பேரும் சாமானுமாகப் போனால் பின் டயருக்கு அதிகம் போடச் சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை.

காற்றைக் காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் குறைந்து நிற்கும். ‘வெயில் காலத்தில் டயர் வெடிக்கும், ரெண்டு பாயின்ட் கம்மியா பிடிங்க’ என்று பெட்ரோல் பங்கில் சொல்லும் யோசனை நேர்மாறானது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. நான்கு வழிச்சாலையில் மே மாத நண்பகலில் 100 கி.மீ. வேகத்தில் டயர் வெடிக்க அதுவே போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், வெளியூர் கிளம்பும் காலையிலும் காற்றைப் பாருங்கள். நைட்ரஜன் போட்டால் கெடுதல் இல்லை. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால் அதற்காக அலைய வேண்டியதும் இல்லை.

அடுத்து தேய்மானம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். 1.6 மில்லிமீட்டர் உயரம் உள்ள அவை டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயர் சட்டப்படியும் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. சாலையில் தேங்கும் நீரை அள்ளி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை. ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த வேலை சரியாக நடக்காது; வேகத்தில் டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும்.

தேய்ந்திருக்கும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் பேலன்சிங் அல்லது சஸ்பென்ஷன். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்து, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். பெரிய பள்ளத்தில் ‘டொம்’ என்று விழுந்து எழுந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் அந்த வாரமே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் கொப்புளம் போல வீங்கியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அது உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம். அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றுவது ஒன்றே வழி. பக்கச் சுவரில் ஆன பஞ்சருக்கும் இதே கதிதான்.

தேயாவிட்டாலும் டயருக்கு வயதாகும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டு தாண்டியதும் ஆண்டுதோறும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடி, நாளெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டிகளில் பள்ளம் புதிதாகவும் சுவர் வெடித்தும் இருப்பது சாதாரணம். புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தள்ளுபடியில் வருவது பல சமயம் கடையில் கிடந்த பழைய சரக்கு.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும். ‘முன்னாடிதான் இழுக்குது, முன்னாடி போடுங்க’ என்று கடைக்காரர் சொல்வார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகம் குறைத்தால் மீளலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அதை மீட்கப் பழகியவர்கள் குறைவு.

ஸ்டெப்னியை மறந்தே போவோம். மாதம் ஒரு முறை அதற்கும் காற்றுப் பாருங்கள். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக, ‘80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே’ என்ற மஞ்சள் ஸ்டிக்கரோடு வரும். பஞ்சர் கடை வரை போய்ச்சேரத்தான் அது.

வீட்டு வாசலில் ஒரு முறையாவது டயர் மாற்றிப் பழகுங்கள். முறை இது:

1. சமமான, இறுகிய தரையில் நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரும் போட்டு, சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள். நெடுஞ்சாலையில் இடம் சரியில்லை என்றால், காற்றுப்போன டயரோடே மெதுவாக உருட்டிப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். டயர் வீணானாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பவர்களை இடப்பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள்.
2. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு இருபுறமும் கல் வையுங்கள்.
3. ஜாக்கி ஏற்றுமுன் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஏற்றிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.
4. கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பில், சக்கரத்துக்கு அருகே, ஜாக்கிக்கென்று குறித்த இடம் இருக்கும். அங்கே மட்டுமே வையுங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள்; ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் நிற்கும். வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள்.
5. பழைய சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியின் இடத்தில் அடியில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டின் சரிந்த முனை உள்பக்கம் இருக்கும்படி கையால் முடுக்குங்கள்.
6. அடியில் இருக்கும் சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியை இறக்கி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பானட்டுக்கு அடியில்

வாரம் ஒரு காலை ஐந்து நிமிடம் போதும். வண்டி சமதரையில், இன்ஜின் அணைந்து பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுதும் செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. பல சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். குறைந்தால் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்குறியைத் தாண்டினாலும் கெடுதல்தான்: கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் உள்ளே கலக்கிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு, 10,000 கி.மீ. ஆகவில்லை என்று ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். அந்த வண்டிக்கு ஓராண்டுதான் கணக்கு.

கூலண்ட் டப்பாவில் நீர்மட்டம் வெளியிலிருந்தே தெரியும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது. கடையில் இரண்டு வகை கிடைக்கும்: அப்படியே ஊற்றுவது, டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுவது. கேனில் எது என்று படித்து வாங்குங்கள். முதல் வகையில் தண்ணீர் கலந்தால் நீர்த்துப்போகும். போர் தண்ணீர் கூடவே கூடாது. டீக்கெட்டிலில் படிவது போல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் உப்பு படிந்து அடைத்துவிடும். ரேடியேட்டர் ஹோஸை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலும் கட்டையாக விறைத்திருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில நூறு ரூபாய் ஹோஸ் வழியில் வெடித்தால் சிலிண்டர் ஹெட்டே வளையும்.

வெப்பமானி சிவப்பை நோக்கி ஏறினால் முதலில் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை உச்சத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் அது கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். சாவியைத் திருகி ஏசி போட்டதும் முன்னால் உள்ள ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று மாசி மாதத்திலேயே பார்த்துவைத்தால் இந்தச் சங்கடம் பாதி குறையும்.

பிரேக் ஆயில் சின்ன வெள்ளை டப்பாவில் இருக்கும். மட்டம் மெதுவாக இறங்கினால் பிரேக் பேட் தேய்கிறது. சட்டென்று இறங்கினால் கசிவு. காரணம் பாராமல் ஊற்றி நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். நிறைந்திருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு 230லிருந்து 155. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. மலையிறக்கத்தில் தெரியும்.

பேட்டரி

நம் வெயிலில் மூன்று நான்கு ஆண்டுதான் கணக்கு. மூன்று முடிந்ததும் புரட்டாசிச் சோதனையில், பேட்டரி சுமை தாங்குகிறதா என்று பார்க்கும் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, ஓடும்போது அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் இரண்டாம் நாள் இறங்கியவர்கள் நிறையப் பேர். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவித் துடைத்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போடலாம். வரிசை தப்பக் கூடாது. சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸுக்கு, அதன் மறுமுனை செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புக்கு. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரி மேல் ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதால்தான் அதைத் தள்ளி வைக்கச் சொல்வது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்து, கேபிளைத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் அதுவும் நடக்காது. பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டுமே.

வெயில் காலத்தில்

ஏசி குளிரவில்லை என்றால் ‘காஸ் போடணும்’ என்பதுதான் முதல் பதிலாக வரும். காஸ் எரிந்து தீரும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான். அதற்கு முன் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அது தூசியும் இலைச்சருகுமாக அடைத்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஒன்று மாற்றலாம், நீங்களே மாற்றலாம். முன்னால் உள்ள, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரையும் மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் அதன் தகடுகள் மடியும்.

கோடையில் டாங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வரும். நிரப்பலாம், குழாய் தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள், ‘ரவுண்டாக’ என்று மேலும் திணிக்காதீர்கள். உண்மையில் டாங்க் காலியாக ஓட்டுவதுதான் கெடுதல். டாங்குக்குள் மூழ்கியிருக்கும் பெட்ரோல் பம்ப் அந்தப் பெட்ரோலாலேயே குளிர்கிறது. கால் டாங்குக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பழைய பெட்ரோல் கார் வாங்கியிருந்தால், இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்கள் தாங்குமா என்று கையேட்டில் பார்த்து, ஒவ்வொரு சர்வீஸிலும் அவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூடிய காருக்குள் லைட்டர், ஸ்ப்ரே டப்பா, பவர் பேங்க் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தையை ‘ரெண்டு நிமிஷம்’ என்றுகூட உள்ளே விடக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் உட்புறம் வெளியைவிட 15, 20 டிகிரி ஏறிவிடும்.

புரட்டாசிச் சோதனை

வைப்பர் பிளேடு ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன். டிரைவர் பக்கமும் மறுபக்கமும் வெவ்வேறு நீளம் இருக்கும், அளவு பார்த்து வாங்குங்கள். புது பிளேடு போட்டும் இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி மங்கினால், குற்றம் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் படலத்தில். டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ், புகை, தூசி எல்லாம் சேர்ந்து அது உண்டாகும். ஷாம்பு போட்டு உள்ளும் புறமும் கழுவுங்கள். வாஷர் டப்பாவில் துணி சோப்புத்தூள் கரைக்காதீர்கள், துளை அடைக்கும்.

கண்ணாடிக்குக் கீழே, பானட் முடியும் இடத்தில், மழைநீர் வடியும் தடம் ஒன்று உண்டு. மரத்தடியில் நிற்கும் வண்டியில் வேப்பிலையும் புங்கம் பூவும் அங்கே மக்கி அடைத்துவிடும். பிறகு தண்ணீர் கேபினுக்குள் இறங்கி, காலடி விரிப்பு நனைந்து, நாற்றம் வரும்போதுதான் தெரியும். கதவின் அடிவிளிம்பில் உள்ள சின்னத் துளைகளையும் சன்ரூஃப் வடிகால்களையும் அப்போதே பாருங்கள். பிரேக் பேட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். இருட்டியபின் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றனவா என்று இன்னொருவரை வைத்துப் பாருங்கள்.

கண்ணாடி உள்ளே வியர்த்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும் நிலைக்கு மாற்றி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டு நிமிடத்தில் தெளியும்.

தண்ணீர் தேங்கிய சாலை

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முழுகிய கார்களைப் பார்த்தவர்கள், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தாலும் கணக்கு சரியான கணக்கு. தாழ்ந்த பகுதியில் வீடு என்றால் வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று மழைக்கு முன்பே முடிவு செய்துவையுங்கள்.

நீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். ஆழம் தெரியவில்லை என்றாலும் இறங்காதீர்கள். சுரங்கப்பாதைகளில் எப்போதும் திரும்பிவிடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் கியரில், நடை வேகத்தில், கியர் மாற்றாமல், நிற்காமல் போங்கள். எதிரே பேருந்து வந்தால் அது போகட்டும். அது தள்ளும் அலை உங்கள் பானட்டுக்கு மேல் ஏறும்.

வேகம் ஏன் கூடாது என்றால், இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியே நீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் காற்றை அமுக்குவது போல அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளிவரும். எனவே தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது, ஒரு முறைகூட. ஆட்களை வைத்துத் தள்ளி வெளியேற்றி, பாதுகாப்பான இடத்தில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். நிறுத்தியிருந்தபோதே முழுகிய வண்டிக்கும் இதுதான். நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில், முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் ஆன இன்ஜின் சேதத்தை மறுப்பதுண்டு. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்ப்பை காப்பீடு எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

நீரைக் கடந்து வந்ததும் பிரேக்கை மெல்ல நாலைந்து முறை மிதித்து உலர்த்துங்கள். அன்றிரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் பின்பக்க டிரம் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது மேல். ஸ்டார்ட் செய்யுமுன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மழை நாளில் பூனைகள் இன்ஜின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்திருக்கும். எலியானால் வயரைக் கடித்திருக்கும். வண்டிக்குள் தின்பண்டம் விடாமலும், குப்பைத்தொட்டி அருகே நிறுத்தாமலும், தினம் கொஞ்சம் ஓட்டியும் வந்தால் அது பெருமளவு குறையும்.

மலைப்பாதை

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பழைய டிரைவர்கள் சொல்லும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளிலும் பிரேக் சூடேறாது. இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துவைக்கும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி இறங்காமல், அழுத்தி வேகம் குறைத்து, விட்டுவிடுங்கள். மைலேஜுக்காக நியூட்ரலில் இறங்குவது கூடாது. இன்ஜினை அணைத்து இறங்குவது தற்கொலைக்குச் சமம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகும். சாவியையும் எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் நெளிந்துவிடும். பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் ஆகியிருக்கிறது: வேகமாக மிதித்து மிதித்து விடுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல ஏற்றுங்கள். ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் பிடித்து நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள்; கிளட்ச் பிளேட் ஒரே பயணத்தில் கருகும். மூடுபனியில் லோ பீம், ஃபாக் லைட் போதும். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கான அடையாளம்.

மீதி

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் விரைவில் காட்டு. சிவப்பில் எண்ணெய்க் கிண்டி வடிவம் எரிந்தால் அந்த நொடியே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். பக்கத்து ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்றால் இன்ஜின் மிஞ்சாது.

மழை முடிந்து தை பிறந்ததும் அடிப்பாகத்தைப் பிரஷர் வாட்டரில் கழுவுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேறும் சேர்ந்து தகடு அரிக்கும் வேகம் அதிகம். டிக்கியில் முக்கோணம், ஜாக்கி, ஸ்பேனர், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, டார்ச், முதலுதவிப் பெட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, ஆம்புலன்ஸ் 108.

ஆர்.சி., லைசென்ஸ், காப்பீடு, மாசுச் சான்று நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றிவைத்தால் சோதனையில் அதுவே செல்லும். புதுக் காருக்கு மாசுச் சான்று முதல் ஆண்டு தேவையில்லை. பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். காப்பீட்டில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருடன் மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு மூன்று ஆண்டுக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுவார்கள். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுத்திருக்கும். முதல் ஆண்டு முடிவில் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போனால் இடைப்பட்ட நாளில் வண்டி வெள்ளத்தில் முழுகினாலும் ஒரு ரூபாய் கிடைக்காது. 90 நாள் தாண்டினால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குத் தள்ளுபடியாகச் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.